கேஸ் ஏற்றியும் ஏசி குழாயில் ஐஸ் கட்டுகிறதா?

வணக்கம். ஒரே வருடத்தில் இரண்டு முறை கேஸ் ஏற்றியும் மெல்லிய செம்புக் குழாயில் ஐஸ் கட்டுகிறது, அறை குளிரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து மூன்றாவது முறை அப்படியே ஏற்றச் சம்மதிக்காதீர்கள்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் ஓடி, அறைக்குள் ஆவியாகும்போது சூட்டை வாங்கி, வெளியே அதை விட்டுவிட்டுத் திரவமாகத் திரும்பும். அளவு குறைகிறதென்றால் எங்கோ கசிகிறது. குறைந்தால் அழுத்தம் இறங்கும். அறை யூனிட்டுக்குள் இருக்கும் குழாய்ச் சுருள் (காயில்) 0 டிகிரிக்கும் கீழே போய், காற்றின் ஈரம் அதன்மேல் உறையும்.

முதலில் ஃபில்டரைக் கழுவிப் பாருங்கள். தூசி அடைத்துக் காற்று ஓடாவிட்டாலும் ஐஸ் கட்டும்.

அது சரியாக இருந்தால், மெயினை அணைத்துவிட்டு வெளி யூனிட்டில் குழாய் சேரும் பித்தளை நட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சுற்றுவதால், கசியும் இடத்தில் பிசுபிசுப்பாகத் தூசி ஒட்டியிருக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் பிடித்தோம்: நட்டுக்குள் குழாயின் விரித்த வாயில் மயிரிழை விரிசல். வெட்டி, புதிதாக விரித்து மாட்டியதோடு தொல்லை விட்டது.

மெக்கானிக்கிடம் நைட்ரஜன் அடித்து, சோப்பு நுரை தடவிச் சோதிக்கச் சொல்லுங்கள். கசிவை அடைத்த அப்புறம் வேக்யூம் பம்ப் போட்டுக் குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, வெளி யூனிட் லேபிளில் உள்ள எடைக்குத் தராசு வைத்தே கேஸ் ஏற்ற வேண்டும். லேபிளில் கேஸ் வகை ஆர்32 (R32) என்றிருந்தால் அது தீப்பற்றக்கூடியது, கேஸ் இருக்கும்போது குழாயில் பற்றவைப்பு (வெல்டிங்) வேலை செய்ய விடாதீர்கள்.