இரண்டரை வயதுப் பையனுக்கு மயக்க மருந்து: மூளையைப் பாதிக்குமா?

கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். இரண்டரை வயது மகன். அழுதாலோ இருமினாலோ வலது தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்குப் புடைக்கிறது, படுக்கவைத்தால் உள்ளே போய்விடுகிறது. குடலிறக்கம், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். "மூன்று வயதுக்குள் மயக்க மருந்து கொடுத்தால் மூளை வளர்ச்சி கெடும் என்று போனில் படித்தேன். பக்கத்து வீட்டுப் பையன் டான்சில் ஆபரேஷனுக்கு அப்புறம் முரட்டுப் பிள்ளையாகிவிட்டான் என்கிறார்கள். மாமியார், தானாகச் சரியாகும், ஐந்து வயது வரை பொறு என்கிறார். பொறுக்கலாமா?"

வேண்டாம்மா, தள்ளிப்போடாதீர்கள். உங்கள் மாமியார் சொல்வது தொப்புள் புடைப்புக்குச் சரி. அது பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும், நாலைந்து வயது வரை பார்க்கலாம். தொடை இடுக்கில் வருவது அப்படி மூடாது.

நீங்கள் படித்ததும் பொய்யில்லை, பாதிதான் உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிறந்து ஏழு நாளான எலிக்குட்டிகளுக்கு ஆறு மணி நேரம் மயக்க மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தபோது மூளை செல்கள் அழிந்தன, வளர்ந்த பிறகு கற்பதிலும் தடுமாறின. அங்கே பிடித்தது இந்தப் பயம். 2016 டிசம்பரில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் எச்சரிக்கை கொடுத்தது, ஆனால் அது மூன்று வயதுக்குள் மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கத்துக்கும் திரும்பத் திரும்பக் கொடுப்பதற்கும்தான். உங்கள் பையனுக்கு ஒரே தடவை, அதுவும் பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை.

சரி, மனிதக் குழந்தைகளில் பார்த்தார்களா? பார்த்தார்கள், அதுவும் இதே குடலிறக்கத்துக்கு. ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகளை எடுத்து, பாதிப் பேருக்கு முழு மயக்கமும் மீதிப் பேருக்கு முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகவும் செய்து, ஐந்து வயதில் அறிவுத்திறனை அளந்தார்கள். முடிவு 2019-இல் வந்தது: இரண்டு பக்கமும் சராசரி 99, வித்தியாசமே இல்லை. உங்கள் மகனைவிட எவ்வளவோ சின்னப் பிள்ளைகள் அவர்கள். பல தடவை மயக்கம் வாங்கிய குழந்தைகளில் மட்டும் கை வேலையின் நுணுக்கத்திலும் யோசிக்கும் வேகத்திலும் கொஞ்சம் குறைவு தெரிந்திருக்கிறது. அதற்கு மருந்து காரணமா, அடிக்கடி ஆபரேஷன் தேவைப்பட்ட அந்த நோய் காரணமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த முரட்டுத்தனத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் தாய்மார்கள் பயந்துபோகிறார்கள். மயக்கம் தெளியும்போது இந்த வயதுப் பிள்ளைகளில் சிலர் கண்ணைத் திறந்துகொண்டே கதறுவார்கள், காலை உதைப்பார்கள், ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்ப்பார்கள், "அம்மா வந்திருக்கேன்டா" என்றால் உங்களையே தள்ளிவிடுவார்கள். மூளை கலங்கிவிட்டதோ என்று நடுங்காதீர்கள். மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருங்கள், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கித் தூங்கிவிடும். வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரி அலறுவது, படுக்கையை நனைப்பது, உங்கள் சேலையை விடாமல் பிடித்துக்கொண்டு திரிவது இதெல்லாம் சில நாட்கள் இருக்கலாம், அநேகமாக இரண்டு வாரத்தில் மறைந்துவிடும்.

என் கவலை எல்லாம் உங்கள் மலைப்பாதை மேல்தான். முதல் நாள் மாலையே இறங்கி மதுரையில் தங்கிவிடுங்கள். விடிகாலையில் வெறும் வயிற்றோடு பிள்ளையை அத்தனை வளைவுகளில் கூட்டிவந்தால் வாந்தியில் துவண்டுவிடும், பாவம் என்று யாராவது பன்னைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பாலும் பால் கலந்த டீயும் பிஸ்கட்டும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், வெறும் தண்ணீர் எதுவரை என்று மயக்க மருத்துவர் சொல்வார். ஒரு வாய் தின்றிருந்தாலும் மறைக்காதீர்கள், மயக்கத்தில் அது மேலேறி மூச்சுக்குழாயில் போனால் உயிருக்கே ஆபத்து. மலைக் குளிரில் சளி, இருமல், காய்ச்சல் வந்திருந்தாலும் முன்னதாகவே போன் செய்து கேளுங்கள், சில வாரம் தள்ளிவைப்பார்கள். அந்தத் தள்ளல் நல்லது.

அதுவரை புடைப்பை மட்டும் கண்காணியுங்கள். உள்ளே போகாமல் கல் மாதிரி இறுகி, தொட்டால் பிள்ளை வீறிட்டு, பச்சையாக வாந்தி எடுத்தால் குடல் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். ராத்திரி இரண்டு மணியானாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரத் தாமதமானால் கிடைத்த ஜீப்பில் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.