ஒரு வீடியோ கேம் தரமானதா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?

தோற்றவுடன் யார் மேல் கோபம் வருகிறது என்று பார்ப்பேன். என் மேலேயே வந்தால் கேம் நல்லது. கேம் மேல் வந்தால் சந்தேகம்தான்.

கொழும்பு வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் மருமகன் ‘செலஸ்ட்’ (2018) விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் மலையேறும் கதை. ஒரே இடத்தில் முப்பது தடவையாவது விழுந்து செத்திருப்பான். ஆனாலும் “மாமா, இது அளாப்புது” (கள்ள ஆட்டம் ஆடுது) என்று ஒருதரம் கூடச் சொல்லவில்லை. வேறொரு கேமில் மூன்றாவது சாவிலேயே அப்படிச் சொல்லிக் கன்ட்ரோலரைக் கட்டிலில் எறிந்தவனும் இவன்தான்!

செலஸ்டில் செத்த கையோடு அதே திரையில் மறுபடி நிற்கலாம். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்குப் போன பிறகும், ஒரு நொடியின் சிறு துண்டு நேரத்துக்குள் பட்டனை அமத்தினால் தாவ விடும். விளையாடுகிறவருக்கு இது தெரியாது, தன் கைவரிசை என்றே நினைப்பார். அதற்கும் மேல் கஷ்டம் என்றால் வேகத்தைக் குறைக்கலாம், சாவே இல்லாமலும் ஆக்கலாம். இதுவும் அளாப்புத்தான், ஆனால் நம் பக்கம் நின்று அளாப்புகிறது.

அடுத்தது, வாத்தியார் வேலை. 1985 இல் வந்த சூப்பர் மாரியோவின் முதல் கட்டத்தில் விளக்கம் ஒன்றும் கிடையாது. கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் காளான் வெளியே வந்து, குழாயில் மோதித் திரும்பி நம்மிடமே வரும். அதைத் தொட்டால் நல்லது என்று நாமே கண்டுபிடித்துவிடுகிறோம். பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லும் கேம்களில் எனக்குப் பொறுமை இல்லை.

சேவ் பண்ணும் விதமும் முக்கியம். கொழும்புக்காரருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. 2022 மின்வெட்டுக் காலத்தில் பகுதிகளை எழுத்து வாரியாகப் பிரித்துத்தான் மின்சாரத்தை நிறுத்தினார்கள்; எங்கள் பகுதி எழுத்துக்கு எத்தனை மணிக்குக் கட் என்று பார்த்த பிறகுதான் விளையாட உட்காருவோம். முக்கால் மணிநேர விளையாட்டு ஒரு கரண்ட் கட்டில் போனதும் உண்டு. 1996 இல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் கேமில், கேமுக்குள் இருக்கும் டைப்ரைட்டருக்கு மை நாடா இருந்தால்தான் சேவ். அது பயத்தைக் கூட்ட வேண்டுமென்றே செய்தது, ஏற்றுக்கொள்ளலாம். காரணமே இல்லாமல் அலைக்கழிக்கும் கேம்களுக்குத்தான் மதிப்பெண் குறைப்பேன்.

கிராபிக்ஸா? 1984 இல் டெட்ரிஸ் பிறந்த கணினியில் படம் வரையும் வசதியே இல்லை. கட்டைகளை அடைப்புக்குறிகளால்தான் காட்டினார்கள். எத்தனை மணிநேரம் ஓடும் என்பதையும் நான் பெரிதாக எடுப்பதில்லை.

ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கினால், 14 நாட்களுக்குள், 2 மணிநேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அந்த நேரத்துக்குள் வேண்டுமென்றே நாலைந்து தடவை செத்துப் பாருங்கள்.