முதுகில் ஊசி, பாலூட்டும்போது குளிசை, தையல் நோ: பிள்ளைப்பேற்று வலி பற்றி நீங்கள் கேட்டவை

பிள்ளைப்பேற்று வலி பற்றி வந்த கேள்விகளில் கூடுதலானவை முதுகில் போடும் ஊசியைப் பற்றியவை. அதனால் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். நான் மயக்க மருந்துத் துறை வைத்தியர். பிரசவ விடுதியும் சத்திரசிகிச்சைக் கூடமும்தான் என் வேலையிடம். பதில்களை வாசிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஓர் ஆய்வு யாரை யாரோடு ஒப்பிட்டது என்று. யாழ்ப்பாணத்தில் பெண்கள் தேவையில்லாத வலியைப் பொறுத்துக்கொள்வதற்கு வசதிக் குறைவு மட்டும் காரணம் அல்ல. தவறான ஒப்பீட்டில் பிறந்த பயமும் ஒரு பெரிய காரணம்.

கொக்குவிலில் இருந்து, ஏழு மாதக் கர்ப்பிணி: மச்சாளுக்குப் போன வருஷம் முதுகில் ஊசி போட்டுத்தான் பிள்ளை பிறந்தது. இன்னும் நாரி நோகுது என்கிறா. "என்னவும் செய், அந்த ஊசி மட்டும் போடாதே" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறா. என்ன செய்ய?

உங்கள் மச்சாளின் நாரி நோ மெய்யானது. அதற்கு ஊசிதான் காரணம் என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1990இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் ஓர் ஆய்வு வெளிவந்தது. பிள்ளை பெற்ற 11,701 பெண்களிடம் வினாக்கொத்து அனுப்பிக் கேட்டார்கள். எபிடியூரல், அதாவது வலி குறைக்க முதுகில் போடும் அந்த ஊசி, போட்டவர்களில் 18.9 வீதமானவர்களுக்குப் பிறகு நீண்டகால முதுகு நோ வந்திருந்தது, போடாதவர்களில் 10.5 வீதம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன, பயம் உலகம் முழுக்கப் பரவியது.

ஆனால் எபிடியூரல் கேட்டு வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் தலைப்பிள்ளைக்காரிகள், வலி நீண்டவர்கள், பிள்ளை திரும்பிக் கிடந்தவர்கள். லேசாகப் பெற்றவள் ஊசி கேட்பதில்லை. அப்படியென்றால் இந்த ஒப்பீடு ஊசி போட்டவரையும் போடாதவரையும் அல்ல, கடினமாகப் பெற்றவரையும் சுலபமாகப் பெற்றவரையும் ஒப்பிட்டதாகத்தான் முடியும். அதோடு, வருஷங்கள் கழித்துக் கேட்டால் முதுகு நோகிறவருக்கு முதுகில் போட்ட ஊசிதான் முதலில் ஞாபகம் வரும்.

இதைத் தீர்க்க ஒரே வழி, யாருக்கு எந்த மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்துப் பார்ப்பது. இங்கிலாந்தில் ஸ்ரோக் நகரத்து ஆஸ்பத்திரியில் தலைப்பிள்ளை பெறப்போகும் 369 பெண்களை அப்படி இரண்டாகப் பிரித்தார்கள்: ஒரு பகுதிக்கு எபிடியூரல், மற்றதற்கு வேறு மருந்து. சராசரியாக 26 மாதங்கள் கழித்து மறுபடி தேடிப் போய் விசாரித்து, அசைவையும் அளந்து பார்த்தார்கள். 2002இல் முடிவு வந்தது: முதுகு நோவில் இரண்டு பகுதிக்கும் வித்தியாசம் இல்லை. சிலர் வலி வந்தபின் மனம் மாறி மற்றப் பக்கம் போனது உண்மை. ஆனாலும் 2018இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 11,000க்கு மேற்பட்ட பெண்கள் பங்குபற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும் இதே முடிவுதான்.

அப்போ நாரி ஏன் நோகிறது? கர்ப்பத்தில் இடுப்பு மூட்டுகளைத் தாங்கும் தசைநார்கள் தளர்கின்றன. வயிற்றுத் தசை விரிந்து போகிறது. பிறகு ஒரு நாளில் பத்துத் தடவையாவது குனிந்து பால் கொடுக்கிறோம், குழந்தையைத் தூக்குகிறோம். ஊசி குத்திய இடம் சில நாட்கள் தொட்டால் நோகும், அவ்வளவுதான். மச்சாளிடம் சொல்லுங்கள்: முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, பிள்ளையை மார்புக்கு உயர்த்திப் பால் கொடுக்கட்டும், தான் பிள்ளையை நோக்கிக் குனிய வேண்டாம். அப்படியும் குறையாவிட்டால் இயன்மருத்துவப் பிரிவுக்குப் போகலாம். ஊசி போட்ட பிறகு காலில் பலமின்மை, சலம் போவது தெரியாமல் இருப்பது, காய்ச்சலோடு கடும் முதுகு நோ என்று ஏதும் வந்தால் அது மிக அரிது, ஆனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்.

சாவகச்சேரி வாசகி: எபிடியூரல் போட்டால் கடைசியில் சிசேரியனில்தான் முடியும் என்கிறார்கள். கருப்பை வாய் நன்றாகத் திறந்த பிறகுதான் போடலாம் என்பதும் சரியா?

இரண்டும் பழைய கதை. 2005இல் சிக்காகோவில் 750 தலைப்பிள்ளைத் தாய்மாரைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதிக்கு வாய் 4 சென்ரிமீற்றர் திறக்கும் முன்பே முதுகு வழி மருந்து கொடுத்தார்கள். சிசேரியன் அவர்களில் 17.8 வீதம், காத்திருந்தவர்களில் 20.7 வீதம். புள்ளிவிபரப்படி இது வித்தியாசமே இல்லை. சீனாவின் நான்ஜிங்கில் 12,793 பெண்களிடம் செய்த ஆய்வு 2009இல் வந்தது, அதிலும் அப்படியே. நோ தாங்க முடியவில்லை என்று தாய் சொல்வதே மருந்து கொடுக்கப் போதிய காரணம்.

ஆயுதம் (இடுக்கி, உறிஞ்சி) போட்டுப் பிள்ளையை எடுப்பது அதிகரிக்குமா என்று கேட்டிருந்தால் பதில் கொஞ்சம் வேறு. முந்தி கடுமையான அளவில் மருந்து கொடுத்தார்கள். கால் மரத்து, முக்கும் உணர்வே போய்விடும். 2001இல் இங்கிலாந்தில் 1,054 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், பழைய முறையில் 35 வீதமானவர்களும், குறைந்த அளவு மருந்து பெற்றவர்களில் 43 வீதமானவர்களும் ஆயுதம் இல்லாமல் சாதாரணமாகப் பெற்றார்கள். 2005க்குப் பிந்திய ஆய்வுகளை மட்டும் எடுத்தால், எபிடியூரலால் ஆயுதப் பிரசவம் கூடுவதாகத் தெரியவில்லை. பிரஷர் இறங்கலாம், சலம் கட்டலாம், உடம்பு கடிக்கலாம், லேசான காய்ச்சல் வரலாம், முக்கும் நேரம் கொஞ்சம் நீளலாம். இவற்றை மறைக்க வேண்டியதில்லை.

எனக்கே வியப்புத் தந்த முடிவு ஒன்று: குறைந்த அளவு எபிடியூரலோடு இருக்கும்போது, முக்கும் கட்டத்தில் நிமிர்ந்து இருந்தவர்களில் 35.2 வீதமும் பக்கவாட்டில் சரிந்து படுத்தவர்களில் 41.1 வீதமும் தானாகப் பெற்றார்கள். 3,093 பேரிடம் செய்த இந்த ஆய்வு 2017இல் வந்தது. "எழும்பி இருந்தால்தான் பிள்ளை இறங்கும்" என்பதை நம்பியிருந்த பலர் யோசிக்க வேண்டியதாயிற்று. எபிடியூரல் இல்லாதவருக்கு இது பொருந்தாது.

பருத்தித்துறையில் இருந்து, முதல் பிள்ளையை எதிர்பார்க்கும் தகப்பன்: நாங்கள் போகும் ஆஸ்பத்திரியில் எபிடியூரல் எப்போதும் கிடைக்குமோ தெரியாது. இல்லாவிட்டால் என்ன வழி?

கிளினிக்குக்குப் போகும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். இரவிலும் கிடைக்குமா என்றும் கேளுங்கள். எபிடியூரல் போட ஆளும், போட்ட பிறகு பிரஷரையும் பிள்ளையின் துடிப்பையும் பார்த்துக்கொண்டிருக்க ஆளும் வேண்டும். அதனால்தான் எல்லா இடத்திலும் எல்லா நேரமும் முடிவதில்லை.

பெதடின் ஊசி பழகிய மருந்து. அது வலியைப் போக்குவதைவிட தாயை அயர வைப்பதுதான் கூட. சத்தி வரலாம். போட்டுச் சில மணி நேரத்துக்குள் பிள்ளை பிறந்தால் பிள்ளையும் அயர்ந்து, மூச்சு மந்தமாகலாம். விடுதியில் அதை முறிக்கும் மருந்து உண்டு. 2018இல் பிரிட்டனில் 400 பெண்களிடம் பெதடினை ரெமிஃபென்டனில் என்ற, தாயே பொத்தானை அழுத்தி எடுக்கும் மருந்தோடு ஒப்பிட்டார்கள். பெதடின் பெற்றவர்களில் 41 வீதம் போதாமல் எபிடியூரலுக்குப் போனார்கள். மற்றதில் 19 வீதம். ஆனால் ரெமிஃபென்டனில் மூச்சை அடக்கக்கூடியது, பக்கத்தை விட்டு நகராத ஒருவர் வேண்டும்.

எண்டொனொக்ஸ் வாயு கிடைத்தால் நல்லது. பாதி நைட்ரஸ் ஒக்சைட், பாதி ஒட்சிசன். பலன் ஏற அரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும். அதனால் வயிறு இறுகத் தொடங்கும்போதே இழுக்க வேண்டும், வலி உச்சிக்கு வந்தபின் இழுத்தால் பிந்திவிடும். முகமூடியைத் தாயேதான் பிடிக்க வேண்டும். மயக்கம் கூடினால் கை சோர்ந்து முகமூடி விலகும், அவர் மறுபடி சாதாரணக் காற்றை இழுப்பார். பாவப்பட்டு நீங்கள் பிடித்துக்கொடுக்கக் கூடாது.

மருந்தில்லாத துணை ஒன்று இருக்கிறது, அதைக் குறைவாக எண்ண வேண்டாம்: பக்கத்தில் ஓர் ஆள். 2017இல் திரட்டிய 26 ஆய்வுகளில், 15,000க்கு மேற்பட்ட பெண்களில், தொடர்ந்து துணை இருந்தவர்கள் சாதாரணமாகப் பெறுவது கூடியது, சிசேரியன் குறைந்தது, வலி மருந்தின் தேவையும் குறைந்தது. உங்கள் ஆஸ்பத்திரி யாரை உள்ளே விடும் என்று கேளுங்கள். ஆண்களை விடாத விடுதி என்றால், மனைவி யாரை விரும்புகிறாரோ அவரை அனுப்புங்கள். அது அம்மாவாகவும் இருக்கலாம், அக்காவாகவும் இருக்கலாம்.

இணுவில் அம்மம்மா ஒருவர்: நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஐந்து பெற்றோம். பெண் என்றால் அந்த நோவைத் தாங்கத்தானே வேண்டும்?

அம்மா, உங்களுக்கு அன்று வேறு வழி தரப்படவில்லை. நீங்கள் தாங்கியதன் பெருமை உங்களுடையது. பேத்தியும் தாங்கித்தான் ஆக வேண்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இந்தக் கேள்வி புதிதும் அல்ல. 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் பிரசவத்துக்கு முதலில் ஈதரும் பிறகு குளோரோபோமும் கொடுத்தபோது, இது சரியா தவறா என்று பெரிய வாதமே நடந்தது. அதே வருஷம்தான் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார், பிறகு மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர். 1853இல் விக்டோரியா மகாராணி தன் எட்டாவது பிள்ளைக்குக் குளோரோபோம் எடுத்தபின் வாதம் மெல்ல அடங்கியது.

கடும் வலி உடம்புக்கும் நல்லதல்ல. மூச்சு வேகமாகிறது, அட்ரினலின் கூடுகிறது, கருப்பைக்குப் போகும் இரத்தம் குறையலாம். ஸ்கொட்லாந்தில் 567,216 பிரசவங்களைப் பார்த்த ஆய்வு 2024இல் வந்தது. எபிடியூரல் பெற்றவர்களில் தாய்க்கு வரும் கடும் சிக்கல்கள் 35 வீதம் குறைவாக இருந்தன. ஆனால் இது குலுக்கிப் பிரித்த ஆய்வல்ல, பதிவேடுகளைப் பார்த்தது. பேர்மிங்ஹாம் ஆய்வுக்கு வைத்த அதே கேள்வியை இதற்கும் வைக்க வேண்டும், முடிவு எனக்குப் பிடித்தமானது என்பதற்காக விட்டுவிட முடியாது. மருந்து வேண்டாம் என்று பேத்தியே சொன்னால் அதையும் மதிப்போம். முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

நல்லூரில் இருந்து: சிசேரியன் முடிந்து மூன்று நாள். பால் கொடுப்பதால் குளிசை போடப் பயம். மாமியும் வேண்டாம் என்கிறா.

போடுங்கள். நோவோடு கிடந்தால் எழும்பி நடக்க மாட்டீர்கள், பிள்ளையைச் சரியாகப் பிடிக்க மாட்டீர்கள், பாலும் பிந்தும். பரசிற்றமோலும் டைக்ளோஃபெனக் அல்லது இபுபுரூஃபனும் பாலில் மிகச் சிறிய அளவே போகும். நோ வந்த பிறகு தேடாமல், முதல் சில நாட்கள் நேரம் வைத்து ஒழுங்காக எடுப்பதுதான் ஆய்வுகள் காட்டும் நல்ல வழி. 50 கிலோவுக்கு மேற்பட்டவருக்குப் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒரு நாளில் எட்டுக் குளிசையைத் தாண்டக் கூடாது. அல்சர், சிறுநீரக நோய், இழுப்பு, பிரஷர் உள்ளவர்கள் டைக்ளோஃபெனக் எடுக்கும் முன் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மாரிகாலத்தில் இன்னொன்று: காய்ச்சல் வந்தால் டைக்ளோஃபெனக்கையும் இபுபுரூஃபனையும் உடனே நிறுத்துங்கள். டெங்கு என்றால் அவை இரத்தப்போக்கைக் கூட்டும்.

கொடீன், ரமடோல் கலந்த குளிசைகளை மட்டும் கடையில் தானாக வாங்க வேண்டாம். கொடீன் சிலரின் உடம்பில் மிக வேகமாக மோர்பினாக மாறும். பாலூட்டும் தாய்மார் இவ்விரண்டையும் தவிர்க்க வேண்டும் என்று 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

வேலணை: முதுகில் ஊசி போட்டு சிசேரியன். இரண்டாம் நாளில் இருந்து எழும்பினால் தலை வெடிக்குது, படுத்தால் சுகம். பச்சை உடம்பில் தலைக்குத் தண்ணி பட்டதால் என்கிறா அம்மா.

தண்ணீர் காரணம் அல்ல. ஊசி போன துளையால் முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள நீர் கொஞ்சம் கசிகிறது. இருந்தால் நோவதும் படுத்தால் குறைவதும் அதன் அடையாளம். வெட்டாமல் விலக்கிச் செல்லும் நுனியுள்ள ஊசிகளால் இது 11 வீதத்தில் இருந்து 4.2 வீதமாகக் குறைகிறது என்று 110 ஆய்வுகளைத் திரட்டிய முடிவு 2018இல் வந்தது. இரண்டு நாள் பொறுத்தும் குறையாவிட்டால், அல்லது பிள்ளையைத் தூக்கவே முடியாவிட்டால், பெற்ற ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போங்கள். உங்கள் கையில் இருந்தே கொஞ்சம் இரத்தம் எடுத்து முதுகில் ஏற்றித் துளையை அடைக்கும் சிகிச்சை உண்டு. படுத்தும் குறையாத தலையிடி, கண் மங்கல், வலிப்பு என்றால் காத்திருக்கவே வேண்டாம். அவை பிரஷர் ஏறியதன் அடையாளமாக இருக்கலாம், பிள்ளை பிறந்த பிறகும் பிரஷர் ஏறும்.

மானிப்பாய்: இரண்டாவது பிள்ளை. கீழே தையல் நோகுது. பால் கொடுக்கும்போது வயிறு பிடித்து இழுக்குது. சரக்குக் கறி சாப்பிடுகிறேன், தண்ணீர் குறைவாகத்தான் தருகிறார்கள்.

பால் கொடுக்கும்போது சுரக்கும் ஒட்சிற்றோசின் கருப்பையைச் சுருக்குகிறது. இரண்டாம், மூன்றாம் பிள்ளைக்கு இது கூட நோகும். இபுபுரூஃபன் வகை நன்றாகக் கேட்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. தையலுக்குத் துணி சுற்றிய ஐஸ், பத்து நிமிடம் போல. தையல் போடும் விதமும் நோவைத் தீர்மானிக்கிறது: கிறிஸ்டின் கெற்றில் என்ற மருத்துவமாது 2002இல் வெளியிட்ட ஆய்வில், விட்டுவிட்டுப் போட்ட தையலில் 10ஆம் நாளில் 44 வீதமானவர்களுக்கு நோ; தொடர் தையலில் 26.5 வீதம்.

சரக்குக் கறி தாராளமாகச் சாப்பிடுங்கள். தண்ணீரைக் குறைப்பதுதான் பிழை. மலம் இறுகினால் தையலில் அதைவிடக் கொடுமை இல்லை. வீட்டுக்கு வரும் குடும்பநல மருத்துவமாதுவை இதை உங்கள் வீட்டாரிடம் நேரில் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னால் கேட்பார்கள்.

கோண்டாவில்: கிளினிக்கில் வலி நிவாரணம் பற்றிய ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். சோதனை எலி ஆகிவிடுவேனோ?

மேலே சொன்ன எண்களில் பெரும்பாலானவை உங்களைப் போன்ற பெண்கள் சம்மதித்ததால் கிடைத்தவை. அதற்காகக் கட்டாயம் சேர வேண்டும் என்பதில்லை. ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் அப்படி ஒரு குழு உண்டு. மருந்துப் பரிசோதனை என்றால் இலங்கையின் மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிந்திருக்கிறதா என்றும் கேட்கலாம். படிவம் தமிழில் இருக்க வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது முதல்முறையாகக் காட்டிக் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள். கிளினிக்கிலேயே தந்து, வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க விடுவதுதான் முறை. சேராவிட்டாலும், பாதியில் விலகினாலும் உங்கள் சிகிச்சையில் குறை வரக் கூடாது. சேர்ந்தால் படிவத்தின் பிரதி ஒன்றை வாங்கிக் கிளினிக் கொப்பியோடு வைத்துக்கொள்ளுங்கள். விலக நினைத்தால் யாரை அழைப்பது என்பது அதில் இருக்க வேண்டும்.