முகாமுக்குப் போய்வந்த மகள் எல்லாவற்றுக்கும் கேள்வி கேட்கிறாள்

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணவர் சொந்தமாக லோடு வேன் ஓட்டுகிறார். மூத்தவள் பி.காம். இரண்டாம் ஆண்டு. எங்கள் இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண் அவள்தான். சின்ன வயதிலிருந்தே வாய் திறக்காத பிள்ளை. கடைக்காரர் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால்கூட கேட்காமல் வந்துவிடுவாள். போன மார்ச்சில் காலேஜ் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாமுக்கு ஏழு நாள் போனாள். அவள் அப்பாவுக்கு இஷ்டமே இல்லை. மேடம் போனில் பேசியதால் நான்தான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். போய்வந்ததிலிருந்து ஆளே மாறிவிட்டாள். தம்பி சாப்பிட்ட தட்டை அவனே கழுவட்டும் என்கிறாள். மே 1 கிராம சபையில் எழுந்து, குடிதண்ணீர்த் தொட்டியைக் கழுவி எத்தனை நாளாச்சு என்று கேட்டுவிட்டாள். மறுநாள் டீக்கடையில் யாரோ, "உன் மக நல்லாப் பேசுதேப்பா" என்று சொல்ல, அவர் அதைக் குத்தலாக எடுத்துக்கொண்டு வீட்டில் ஒரே சண்டை. முகாமில் முதல் நாள் ராத்திரி கூட்டத்தில், பெண்கள் குளிக்கிற அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று இவள் சொன்னாளாம், மறுநாள் காலையிலேயே மாட்டிவிட்டார்களாம். அந்தக் கதையை எத்தனை தடவை கேட்பது! இப்போது டெல்லி குடியரசு தின அணிவகுப்புக்கு ஆள் எடுக்கிற முகாமுக்குப் போக வேண்டும் என்கிறாள். பத்து நாளாம், வெளிமாநிலமாம். அவரோ, "கை மீறிப் போறா, இனிமேல் முகாமும் கிடையாது ஒண்ணும் கிடையாது, கடைசி வருஷம் தொடங்கியதும் மாப்பிள்ளை பார்க்கணும்" என்கிறார். அவளை அனுப்பியது தப்பா அக்கா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

அனுப்பியது தப்பில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மகளைப் பற்றிய கவலையைவிட, "நான்தான் சம்மதிக்க வைத்தேன்" என்கிற பயம்தான் அதிகம் தெரிகிறது. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் பழி உங்கள் தலையில் விழும் என்று நினைக்கிறீர்கள். நம் வீடுகளில் அது அப்படித்தான் விழும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் நீங்கள் சலிப்போடு எழுதியிருக்கிற அந்தத் தாழ்ப்பாள் கதையில்தான் எல்லாமே இருக்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கடையில் குறைந்த சில்லறையைக் கேட்கத் தெரியாத பெண். புது ஊர், பள்ளிக்கூடக் கட்டடத்திலோ சமுதாயக்கூடத்திலோ தங்கல், சுற்றிலும் பாதிப் பேர் முன்பின் பேசிப் பழகாதவர்கள், அதில் பையன்களும் இருக்கிறார்கள். அத்தனை பேர் நடுவில் எழுந்து, குளியலறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று சொல்ல எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் "உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்கவில்லை. விடிந்ததும் ஒருவர் போய்த் தாழ்ப்பாள் வாங்கி வந்து மாட்டினார். தான் வாய் திறந்து ஒன்றைச் சொன்னதும் அது நடந்தது, பத்தொன்பது வயது வரை அவள் பார்க்காத காட்சி அது. திரும்பத் திரும்பச் சொல்லாமல் என்ன செய்வாள்? உங்களிடம் சொல்கிறாளே, அதற்கே சந்தோஷப்பட வேண்டும்.

இந்த முகாம்களில் பகல் முழுக்க வேலை நடக்கும். விடியற்காலையில் எழுப்பிவிடுவார்கள். உடற்பயிற்சி, அப்புறம் குளக்கரையில் முள் வெட்டுவது, பள்ளி வளாகத்தைச் சுத்தம் செய்வது, மரக்கன்று நடுவது, வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பது. மத்தியானம் யாராவது வந்து பேசுவார்கள். சாயங்காலம் ஊர் மக்களுக்காகப் பாட்டு, நாடகம். தலைமைப் பண்பு என்று ஒரு மணி நேரம் நடக்கும் உரையை நான் பெரிதாக மதிப்பதில்லை, அதில் யாரும் மாறியதாகத் தெரியவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, இன்றைக்கு எது சரியாக நடந்தது, எது நடக்கவில்லை, நாளைக்கு யாருக்கு என்ன வேலை என்று பேசுவார்களே, அங்கேதான் ஒரு பெண் உருவாகிறாள். ஐம்பது பேருக்குச் சாம்பார் போதவில்லை என்றால் அன்றைய சமையல் குழுவில் இருந்தவள் எழுந்து காரணம் சொல்லியாக வேண்டும். மறுநாள் பருப்பை எவ்வளவு கூட்டுவது என்று அவளே முடிவு செய்ய வேண்டும். வீட்டில் நாம் எவ்வளவோ சமைக்கிறோம், ஆனால் இப்படி முடிவெடுக்கவும் பதில் சொல்லவும் அவளை யார் விட்டார்கள்?

நாட்டு நலப்பணித் திட்டம் நேற்று முளைத்ததல்ல என்பதை உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். காந்தி நூற்றாண்டு நேரத்தில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் சுமார் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் சேவை, கூடவே ஒரு ஏழு நாள் சிறப்பு முகாம், இதுதான் கணக்கு. அவர் வயதுக்காரர்களில் கல்லூரிக்குப் போனவர் யாரைக் கேட்டாலும் ஒரு முகாம் கதை சொல்வார்கள்.

பெண்கள் இப்படி ஒன்றாகக் கூடிக் கற்றுக்கொண்டு திரும்பும்போது ஊர் முணுமுணுப்பதும் புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். எழுத்துக் கற்றுக்கொடுப்பதோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குப் பழக்கினார்கள். கிராமத்துப் பெண்கள், கூலி வேலை செய்தவர்கள், கல் உடைத்தவர்கள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். கேலியும் கிண்டலும் இல்லாமலா இருந்திருக்கும்? இன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தண்ணீர்க் குடத்தை சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு போனால் யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா?

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். முகாமில் பையன்களும் காய் நறுக்கினார்கள், அவரவர் தட்டை அவரவர் கழுவினார்கள். அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள் தம்பியின் தட்டை எடுக்கும்போது கை தயங்கத்தான் செய்யும். அவள் கேட்டது நியாயம். இதற்காக ஒரு பஞ்சாயத்து வேண்டாம். இன்று ராத்திரியே பையனிடம், "எந்திரிச்சுப் போகும்போது தட்டைக் கழுவி வச்சிட்டுப் போடா" என்று நீங்கள் சொல்லுங்கள், அக்கா சொன்னதாகச் சொல்ல வேண்டாம். நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், அப்புறம் பழகிவிடும். வீட்டிலும் தான் சொன்ன ஒன்று நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் மகளின் குரலும் தானாக இறங்கும். குரல் உயர்வது பெரும்பாலும் யாரும் காது கொடுக்காததால்தான்.

கிராம சபை விஷயத்தில் அவள் பக்கம் முழுசாக நிற்கிறேன். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபை உறுப்பினர். அவள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள். தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே கேட்பதற்காகத்தான் கூட்டுகிறார்கள். அவள் கேட்டதும் யாரையும் அவமதிக்கிற கேள்வி இல்லை. உங்கள் வீடும் குடிக்கிற தண்ணீர் பற்றிய கேள்வி. அடுத்த முறை நீங்களும் கூடப் போய் உட்காருங்கள். அம்மா பக்கத்தில் இருக்கும் பெண்ணைப் பற்றி டீக்கடையில் பேச்சு குறையும்.

உங்கள் கணவரை வில்லனாக்க நான் தயாரில்லை. ராத்திரி பகல் பார்க்காமல் வண்டி ஓட்டிப் பெண்ணைக் காலேஜ் அனுப்புகிறவர். மகள் பேசியது அவருக்குப் பிடிக்காமல் போனதைவிட, நாலு பேர் நடுவில் பதில் சொல்லத் தெரியாமல் நின்றதுதான் வலித்திருக்கும். அவரிடம் முகாமின் பெருமையை வாதாடி நிரூபிக்க முயலாதீர்கள். அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்யுங்கள். லோடு வேன் வைத்திருக்கிறவருக்கு டீசல், வங்கித் தவணை, இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர், வர வேண்டிய வாடகைப் பாக்கி என்று தலைக்கு மேல் கணக்கு இருக்கும். மகள் பி.காம். படிக்கிறாள். ஒரு மாதத்துக்கு அந்தக் கணக்கை அவளிடம் கொடுக்கச் சொல்லுங்கள். எந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கி என்று மாதக் கடைசியில் அவள் ஒரு தாளில் எழுதி நீட்டும்போது, முகாமில் அவள் என்ன கற்றாள் என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. பாக்கி வசூலுக்கு அவளையே போனில் பேசச் சொன்னாலும் ஆச்சரியமில்லை. அவளுக்கும் இது தேவை. முகாமில் பொறுப்பு கொடுத்துவிட்டு வீட்டில் வெறும் சொல்பேச்சு கேட்கும் பிள்ளையாக இரு என்றால் எந்தப் பெண்ணும் திமிறத்தான் செய்வாள்.

இனி டெல்லி. குடியரசு தின அணிவகுப்பில் என்.எஸ்.எஸ். அணியும் நடக்கிறது. ஜனவரி முழுக்க டெல்லியில் நடக்கும் அந்த முகாமுக்கு நாடு முழுவதிலுமிருந்து எடுப்பது 200 பேரை மட்டும்தான். கல்லூரி, பல்கலைக்கழகம், மாநிலம் என்று ஒவ்வொரு படியாகத் தேறி, மண்டல அளவிலான முன்தேர்வு முகாமுக்குப் போய், அங்கேயும் நடை, உடல்தகுதி, கலைத்திறமை எல்லாம் பார்த்துத்தான் எடுப்பார்கள். அதாவது, இப்போது நீங்கள் சம்மதிக்க வேண்டியது டெல்லிக்கு அல்ல, முதல் படிக்கு. கணவரிடமும் அப்படியே சொல்லுங்கள். அடுத்த படி வந்தால் அப்போது பேசிக்கொள்ளலாம்.

சம்மதிக்கும் முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். கணவரையும் அழைத்துக்கொண்டு நேராகக் கல்லூரிக்குப் போங்கள். கூடப் போகும் ஆசிரியை யார், தங்குமிடம் எங்கே, ரயிலா பஸ்ஸா, எத்தனை பெண்கள் போகிறார்கள், உடம்பு சரியில்லை என்றால் யார் பொறுப்பு, ராத்திரி எந்த நம்பருக்குக் கூப்பிடலாம்? எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி கல்லூரியில் பாலியல் புகார்களை விசாரிக்கும் உள் குழு இருக்க வேண்டும். அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு மகளிடமும் சொல்லி வையுங்கள். எழுந்து நின்று தாழ்ப்பாள் இல்லை என்று சொன்ன பெண், தப்பாக எதுவும் நடந்தாலும் சொல்வாள். வாயே திறக்காத பிள்ளையை வெளியே அனுப்பத்தான் நான் பயப்படுவேன்.

கல்யாணப் பேச்சை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். முகாமுக்குப் போனால் மாப்பிள்ளை அமையாது என்றோ, போகாவிட்டால் கல்யாணம் தள்ளிப்போகும் என்றோ பேரம் பேச வேண்டாம். பட்டம் கையில் வரட்டும், பிறகு அவளையும் உட்கார வைத்துப் பேசுங்கள் என்பதுதான் என் கருத்து. அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு பத்தி உங்கள் மகளுக்கு, படிக்கக் கொடுங்கள். கண்ணு, தாழ்ப்பாள் ஒரு ராத்திரியில் வந்தது. குடிதண்ணீர்த் தொட்டி அப்படி வராது. ஊராட்சிச் செயலரைப் பார்க்கணும், மனு எழுதணும், அடுத்த சபையில் போன தீர்மானம் என்ன ஆச்சு என்று மறுபடி கேட்கணும். முகாமில் எல்லோரும் ஒரே நோக்கத்தோடு வந்தவர்கள். ஊரில் அப்படி இல்லை, வீட்டிலும் இல்லை. ஏழு நாளில் நீ மாறிய வேகத்தில் அப்பா மாற மாட்டார். அவர் வண்டியை விட்டு இறங்கிய களைப்பில் இருக்கும்போது வாதத்தைத் தொடங்காதே. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போது பேசு. குரலை ஏற்றாமல், ஆனால் விஷயத்தை விடாமல் பேசப் பழகு. கணக்கெடுக்கப் போன வீடுகளில் முன்பின் தெரியாத பாட்டியிடம் அவ்வளவு பொறுமையாகக் கேள்வி கேட்டிருப்பாய், அதே பொறுமையை அப்பாவிடமும் காட்டு.

அணிவகுப்புத் தேர்வில் அவள் தேறாமல் போகவும் நிறைய வாய்ப்பு இருக்கிறது, தங்கை. அப்போது "இதுக்குத்தான் சொன்னேன்" என்ற வார்த்தை உங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் கல்லூரியில் இன்னொரு வேலை காத்திருக்கிறது. அடுத்த ஏழு நாள் முகாமுக்கு முதலாண்டுப் பெண்கள் பயந்துகொண்டு வருவார்கள், அவர்களுடைய அம்மாக்களும் உங்களைப் போலவே தவிப்பார்கள். அந்தப் பெண்களை அழைத்துப் போகும் மாணவப் பொறுப்பாளராக இப்போதே மேடத்திடம் பெயர் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். அந்த அம்மாக்களுக்குப் போனில் பேசி விளக்கும் வேலையை நீங்கள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம்.