அவசர சிகிச்சைப் பிரிவு வைத்தியர்களின் பணிச்சோர்வு: களைப்பா, நோயா?

மட்டக்களப்பில் அவசர சிகிச்சைப் பிரிவில் கடமையாற்றும் தங்கள் மகள் விடுமுறையிலும் சோர்வு நீங்காமல் இருப்பது களைப்பா, நோயா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 என்ற சர்வதேச நோய் வகைப்பாடு, பணிச்சோர்வை நோயாக அன்றி, சரிவரக் கையாளப்படாத நீடித்த வேலை அழுத்தத்தின் விளைவாகவே வரையறுக்கிறது. சக்தி வற்றுதல், வேலையில் மனம் ஒட்டாமை, திறன் குன்றிய உணர்வு ஆகிய மூன்றும் அதன் கூறுகள். களைப்பு உறங்கினால் தீரும்; இது அப்படித் தீராது.

வேளாண்மை வெட்டுக் காலத்தில் வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து பாம்பு கடித்துக் கொண்டுவரப்படும் விவசாயியின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, விஷம் ஏறியிருக்கிறதா என்று அறிய, அது உறைகிறதா என 20 நிமிடம் பார்த்திருக்கும் வைத்தியர், அதற்கிடையில் நெஞ்சுவலியோடு வந்தவரின் ஈசிஜியையும் வாசித்து, வாசலில் பதறி நிற்கும் உறவினர்களுக்குப் பதிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது வைத்தியர்கள் பலர் வெளிநாடு சென்றதில், எஞ்சியோரின் சுமை இன்னும் கூடியது.

ஆகவே தியானம், யோகா என்று தனிநபரிடமே பொறுப்பை விடுவது (நிருவாகத்துக்கு அது செலவில்லாத வழி) என் பார்வையில் அரைகுறை வைத்தியம். இரவுக் கடமைகளை அடுக்கிப் போடாத அட்டவணையே முதலில் வேண்டும். எதிலும் நாட்டமின்மையோ தற்கொலை எண்ணமோ தென்பட்டால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும் என்பதால் தாமதியாமல் மனநல வைத்தியரிடம் காட்டுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.