உளவும் நாடாளுமன்றமும்: ஒரு கடிதம்

வணக்கம்.

உளவு அமைப்புகள் நாடாளுமன்றத்துக்கு, அதன் உறுப்பினர்கள் அடங்கிய ஒரு குழுவின் வழியாக, பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும் என்று அண்மையில் எழுதியிருந்தீர்கள். நான் மீன்வளத்துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். கடலில் நடமாட்டம் எப்படி என்ற தகவல் இந்தக் கரையில் பெரும்பாலும் மீனவர் வாய்வழியாகத்தான் அரசுக்குப் போகிறது. சொன்னவர் யார் என்று வெளியே தெரிந்துவிட்டால் அவர் மறுபடி நிம்மதியாகக் கடலுக்குப் போக முடியாது. கட்சி மாறுவதையும் மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசுவதையும் பழக்கமாகக் கொண்டவர்களிடம் இப்படிப்பட்ட ரகசியங்களை ஒப்படைக்கச் சொல்கிறீர்களா? அவைக்குள் பேசியதற்காக ஓர் உறுப்பினர் மீது வழக்குப் போடவும் முடியாதே. தகவல் சொன்ன மீனவரின் பெயரையும் அந்தக் குழு கேட்கலாம் என்கிறீர்களா?

— ஒரு வாசகர், தங்கச்சிமடம்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. அதற்கு முன் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருப்பதால் அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் துறையிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு விசைப்படகுக்குக் கடலுக்குப் போகும் அனுமதிச்சீட்டான டோக்கனை மறுப்பதென்றால்கூட 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்தை நீங்கள் காட்ட வேண்டியிருந்தது. படகுக்காரர் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், நீதிமன்றம் போகலாம். வெள்ளையர் காலத்தில், 1887இல் தொடங்கிய ஐ.பி. என்ற உள்நாட்டு உளவு அமைப்புக்கும், அதிலிருந்து 1968இல் பிரிந்த ‘ரா’ என்ற வெளிநாட்டு உளவு அமைப்புக்கும் அப்படி ஒரு தாய்ச்சட்டம் கிடையாது. அவை அரசாணையால் உருவானவை, அரசாணையால் நடப்பவை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஊழல், மனித உரிமை மீறல் ஆகிய இரண்டு குற்றச்சாட்டுகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவற்றுக்கு விலக்கு அளிக்கிறது. ஒட்டுக்கேட்கும் ஆணையை உள்துறைச் செயலர் பிறப்பிக்கிறார். அது சரியா என்று பார்ப்பது அமைச்சரவைச் செயலர் தலைமையிலான குழு. ஆணையிடுபவரும் அதிகாரி, சரிபார்ப்பவரும் அதிகாரி. 1993 முதல் இயங்கும் துறைவாரி நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் உள்துறையின் மானியக் கோரிக்கையை, அதாவது அது கேட்கும் பட்ஜெட் பணத்தை, ஆராய்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அரசின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ ஊறு என்று சொல்லி ஓர் ஆவணத்தைத் தர மறுக்க அவை விதிகளே அரசுக்கு இடம் தருகின்றன.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு நம் கரையைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழ்ப் போராளிக் குழுக்களுக்கு இந்திய உளவு அமைப்பு பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது இன்று ஊரறிந்த செய்தி. அன்றும் அது அவ்வளவு பெரிய ரகசியமாக இருக்கவில்லை. மண்டபம், பாம்பன் பக்கம் அந்த ஆண்டுகளில் இருந்தவர்கள் இரவில் வந்துபோன படகுகளையும், அவற்றில் வந்த இளைஞர்களை யாரும் நிறுத்திக் கேட்காததையும் பார்த்தார்கள். கொழும்பு அரசும் வெளிப்படையாகவே புகார் சொல்லிக்கொண்டிருந்தது. ஆக, எவரிடமிருந்து மறைக்கப்பட வேண்டுமோ அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இந்தக் கொள்கையின் பலாபலனை எடைபோட்டுக் கேள்வி கேட்க வேண்டிய நாடாளுமன்றத்தில் மட்டும், அதைக் கேட்கும் பொறுப்புடைய குழு ஒன்றுகூட இருக்கவில்லை. 1987இல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்து 1990இல் திரும்பியது. 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை நடந்தது, 1992இல் புலிகள் இயக்கம் தடை செய்யப்பட்டது. நேற்றுவரை கண்டும் காணாமல் விடப்பட்ட படகுக்காரர் ஒரே நாளில் கடத்தல்காரர் ஆனார். கரையில் இறங்கியவரை மெரைன் போலீஸ் ஒருமுறையும் மாநிலக் காவல்துறையின் உளவுப் பிரிவான கியூ பிராஞ்ச் ஒருமுறையும் எந்தத் துறை என்று சொல்லாத மூன்றாமவர் ஒருமுறையும் விசாரித்தார்கள். மூவரும் கேட்டது ஒரே கேள்விகள்தான். ஒரு குழு இருந்திருந்தால் இவையெல்லாம் நடந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், ஆயுதம் பெற்றவர்கள் நாளை நம்மையே எதிர்த்தால் என்ன செய்வீர்கள் என்று, பிரதமர் அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் ஒருவர், கதவைச் சாத்திக்கொண்டாவது முன்கூட்டியே கேட்டிருப்பார்.

அடுத்து, ரகசியம் கசியும் என்ற உங்கள் அச்சம். ராஜீவ் காந்தி கொலையின் பின்னணியை ஆராய்ந்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை உங்களுக்கு நினைவிருக்கும். உளவுத் தகவல்களைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்ட அந்த அறிக்கை, 1997 நவம்பரில், அவையில் வைக்கப்படும் முன்பே பத்திரிகையில் வந்துவிட்டது; அந்த மாதம் முடிவதற்குள் பிரதமர் குஜ்ரால் பதவி விலகினார். அதைக் கசியவிட நாடாளுமன்ற உளவுக் குழு எதுவும் தேவைப்படவில்லை. தனக்குச் சாதகமானதைக் கசியவிடுவதும் பாதகமானதற்கு முத்திரை குத்துவதும் எந்த அரசுக்கும் கைவந்த கலை. 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் ‘ரகசியம்’ எது என்று வரையறுக்காமல் விட்டிருப்பதும் அதற்கு வசதியாக இருக்கிறது. அச்சட்டத்தை நீக்கிவிட்டு, தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கென ஓர் அத்தியாயம் சேர்க்கலாம் என்று இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006இலேயே பரிந்துரைத்தது.

அமெரிக்காவில், உளவு அமைப்புகள் மக்களின் தபால்களைப் பிரித்துப் படித்ததும் மார்ட்டின் லூதர் கிங்கை வேவு பார்த்ததும் ஃபிராங்க் சர்ச் என்ற செனட்டர் தலைமையிலான விசாரணையில் அம்பலமான பிறகு, செனட் 1976இலும் பிரதிநிதிகள் சபை 1977இலும் நிரந்தர உளவுக் குழுக்களை அமைத்தன. பிரிட்டன் 1994இல் சட்டம் இயற்றி ஒன்பது உறுப்பினர் குழுவை ஏற்படுத்தி, 2013இல் அதன் அதிகாரத்தைக் கூட்டியது. அந்த உறுப்பினர்களை ரகசியச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இவற்றை நான் புனிதப்படுத்தவில்லை. தங்கள் நாட்டு அரசியலில் ரஷ்யத் தலையீடு குறித்து பிரிட்டிஷ் குழு எழுதிய அறிக்கை 2019 அக்டோபரில் பிரதமரிடம் போய், தேர்தலெல்லாம் முடிந்து 2020 ஜூலையில்தான் வெளியே வந்தது. கைதிகளை சி.ஐ.ஏ. சித்திரவதை செய்தது பற்றி செனட் குழு விசாரித்தபோது, குழு ஊழியர்கள் பயன்படுத்திய கணினிகளுக்குள்ளேயே அந்த அமைப்பு நுழைந்து பார்த்தது. பிறகு அதன் இயக்குநர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. கண்காணிக்கப்படுபவர் கண்காணிப்பவரை வேவு பார்த்த அந்தக் கூத்து வெளியே வந்ததுகூட, அப்படி ஒரு குழு இருந்ததால்தான்.

அவைக்குள் பேசியதற்கு வழக்கு இல்லை என்கிறீர்கள். அரசியல் சாசனத்தின் 105ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அவை தன் உறுப்பினரைத் தானே தண்டிக்கலாம். கேள்வி கேட்கப் பணம் வாங்கிய 11 பேர் 2005 டிசம்பரில் பதவி நீக்கப்பட்டார்கள். 2007இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. ரகசியத்தை வெளியிடும் குழு உறுப்பினருக்கும் அதுவே தண்டனை என்று முதலிலேயே எழுதிவைப்பதில் தடையொன்றும் இல்லை. காங்கிரஸ் நாடாளுமன்ற உறுப்பினர் மனீஷ் திவாரி 2011இல், தன் கட்சி ஆட்சியில் இருக்கும்போதே, உளவு அமைப்புகளுக்குச் சட்டமும் மேற்பார்வையும் வேண்டும் என்று தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. எதிர்க்கட்சியாக இருக்கையில் இதைப் பேசுகிறவர்கள் ஆளுங்கட்சியானதும் மறந்துவிடுவது எல்லாக் கட்சிக்கும் பொது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. மீனவரின் பெயரைக் குழு கேட்கக் கூடாது. பிரிட்டனின் 1994 சட்டமே, தகவல் தருபவரை அடையாளம் காட்டக்கூடிய செய்திகளைத் தனி வகையாகப் பிரித்து, அவற்றைக் குழுவிடமிருந்து நிறுத்திவைக்க இடம் கொடுத்தது. நமக்கும் அது வேண்டும். இந்தக் கரையில் தகவல் தருவோருக்கென்று ஒதுக்கப்படும் பணம் உண்மையிலேயே அவர்களிடம் போய்ச் சேருகிறதா, அவர்களில் ஒருவர் அக்கரையில் பிடிபட்டால் அவருக்காகப் பேச வேண்டிய அதிகாரி யார், ஒரே கடற்பரப்பில் வேலை செய்யும் மத்திய, மாநில அமைப்புகள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்கின்றனவா என்பவற்றைப் பெயர் இல்லாமலே கேட்கலாம். ரகசியச் செலவினம் என்ற தலைப்பில் போகும் பணத்துக்குத் துறை அதிகாரி ஒருவரின் சான்றிதழோடு தணிக்கை முடிந்துவிடுகிறது என்பதால், நான் இவற்றில் பணத்தைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன்.