அப்பாவின் சலக்குழாயை எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா?

கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் கேட்கிறார்: அப்பாவுக்கு 71 வயது. நீரிழிவும் சிறுநீரக நோயும் உண்டு. நிமோனியாவோடு அரை மயக்கத்தில் வாட்டில் சேர்த்தோம். இன்று ஐந்தாம் நாள். காய்ச்சல் விட்டுவிட்டது, கஞ்சி குடிக்கிறார், பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஆனாலும் சலக்குழாய், இரண்டு கையிலும் கனுலா (நாளத்தில் மருந்து ஏற்றும் சிறு குழாய்), விரலில் ஒட்சிசன் பார்க்கும் கிளிப், நெஞ்சில் இதயத்துடிப்பு பார்க்கும் வயர் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இரவில் குழம்பிப்போய்க் குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார். எடுக்கச் சொல்லிக் கேட்டால் பிழையா?

பிழையே இல்லை. வயர் கூடினால் கவனிப்பும் கூடும் என்று சொந்தக்காரர் நினைப்பதால்தான் பல குழாய்கள் கேட்பாரில்லாமல் கிடக்கின்றன.

முதலில் சலக்குழாய். மயக்கத்தில் வந்தவருக்கு மணிக்கு மணி எவ்வளவு சலம் போகிறது என்று அளக்கப் போட்டிருப்பார்கள்; அன்று அது சரி. எழுந்து நடப்பவருக்கு அந்தக் காரணம் முடிந்துவிட்டது. குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சலத்தில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 வீதம் கூடுகிறது. வயதானவரின் இராக்குழப்பத்தையும் அது கூட்டும். கட்டிலோடு கட்டிப்போட்ட மாதிரித்தானே! சலத்தை இன்னும் அளக்க வேண்டுமென்றால் சலப்போத்தல் போதும்.

ஆனால் நீங்களோ அப்பாவோ இழுக்கவே கூடாது. உள்ளே சுமார் 10 மில்லிலீற்றர் தண்ணீர் நிரப்பிய பலூன் இருக்கிறது. அதை வடிக்காமல் இழுத்தால் சலவழி கிழிந்து இரத்தம் போகும். எடுக்கும்வரை பை இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், நிலத்தில் முட்டக்கூடாது.

கனுலாவில் ஒன்று நிச்சயம் மிச்சம். 24 மணி நேரமாக ஊசிமருந்து ஏறாத, இனியும் ஏறப்போகாத கனுலாவுக்கு வேலையில்லை. குத்திய இடம் சிவந்தாலோ, நொந்தாலோ, நாளம் கயிறுபோலத் தடித்தாலோ அன்றே சொல்லுங்கள். காய்ச்சல் விட்டு, விழுங்கவும் முடிகிறவருக்கு அன்ரிபயோட்டிக்கைக் குளிசையாக மாற்றலாமா என்றும் கேளுங்கள். மாற்றினால் இரண்டு கனுலாவும் போகும்.

சிறுநீரக நோயாளருக்கு இதில் இன்னொரு விடயம் இருக்கிறது. வவுனியாப் பக்கம் இந்த நோய் அதிகம் என்பதால் வன்னியில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டியது. பின்னாளில் டயலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பது) தேவைப்பட்டால் முன்கையில்தான் நாடியையும் நாளத்தையும் இணைப்பார்கள். பெரும்பாலும் எழுதாத கையைத்தான் எடுப்பார்கள். அந்தக் கையின் நாளங்களைக் கனுலா குத்திக் கெடுத்தால் இணைக்க இடமில்லாமல் போகும். முடிந்தவரை புறங்கையில் போடச் சொல்லி, சிறுநீரக நோய் இருப்பதை ஒவ்வொரு முறையும் நினைவூட்டுங்கள்.

ஒட்சிசன் கொடுக்காமலே இரத்தத்தின் ஒட்சிசன் அளவு 94 வீதத்துக்கு மேல் நிற்பவருக்கு (சுருட்டு, பீடியால் வந்த நாட்பட்ட நெஞ்சு நோயாளருக்கு 88 முதல் 92 போதும்) விரல் கிளிப் நாள் முழுக்கத் தேவையில்லை. இடைக்கிடை பார்த்தால் சரி. விரல் குளிர்ந்தால் கிளிப் பிழையாகக் குறைத்துக் காட்டும், வியர்வையில் நெஞ்சில் ஒட்டிய வயர் கழன்றாலும் மொனிற்றர் அலறும். அலறிக்கொண்டே இருக்கும் மணியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, உண்மையான அலறலும் அதற்குள் அமுங்கிப்போகும்.

நெஞ்சு வயரை மட்டும் அவசரப்படுத்தாதீர்கள். சிறுநீரக நோயில் இரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத்துடிப்பு திடீரெனப் பிசகும். பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்டுவிட்டே பேசுங்கள். மாரடைப்பின் முதல் நாள், டெங்கில் திரவம் கசியும் கட்டம், வயலில் கண்ணாடி விரியன் கடித்து வந்தவர் என்றால் கண்காணிப்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும் நேரமே அல்ல.

கேட்க நல்ல நேரம் காலை றவுண்ட். “டொக்டர், அப்பாவுக்கு இந்தச் சலக்குழாய் இன்னும் தேவையோ? எப்ப எடுக்கலாம்?” என்றால் போதும். இரவில் எழுப்பிப் பிறஷர் பார்ப்பதைக் குறைக்கலாமா என்பதையும் அப்போதே கேளுங்கள்.

குழாயைக் காலையில் எடுப்பது வசதி. எடுத்த பின் முதல் ஓரிரு தடவை எரியலாம். 6 மணி நேரத்துக்குள் சலம் போக வேண்டும். இந்த வயதில் சலப்பைக்குக் கீழுள்ள புரஸ்டேற் சுரப்பி வீங்கியிருந்தால் சலவழியை அடைக்கும். போகாவிட்டால், அல்லது அடிவயிறு உப்பி நொந்தால், அடுத்த றவுண்ட் வரை காத்திருக்காமல் உடனே தாதியிடம் சொல்லுங்கள்.